கழுத்தைப் பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள்

மெல்போர்னுக்கு மேற்கே, எரிமலைப் பாறைகள் கிடக்கும் சமவெளியில் புல்வெளி மீட்பு வேலை பார்க்கிறேன். அக்டோபர் பிறந்தால் போதும், "வேலியோரம் சிலி ஊசிப்புல் வந்துவிட்டது, மருந்து அடிக்கலாமா?" என்று படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். சிலி ஊசிப்புல் தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை. ஆனால் பார்த்தால் பல நேரம் படத்தில் இருப்பது ஆஸ்ட்ரோஸ்டிபா, இந்த மண்ணுக்கே உரிய ஈட்டிப்புல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு திட்டு நல்ல புல்லைக் களை என்று நினைத்துக் கருக்கியிருக்கிறேன், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

குழம்பத்தான் செய்யும். ஒரு காலத்தில் தாவரவியலாளர்களே இரண்டையும் ஸ்டிபா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியப் புற்கள் ஆஸ்ட்ரோஸ்டிபா என்று பிரிந்தது 1996-இல். பூங்கதிரின் ஊதா நிறத்தை நம்பாதீர்கள், நாட்டுப் புற்களிலும் அது உண்டு. விதையின் வால் இரண்டு இடத்தில் முழங்கால் போல மடங்கியிருப்பதும் உதவாது. பைஜெனிகுலேட்டா என்ற நாட்டு ஈட்டிப்புல்லுக்குப் பெயரே 'இரண்டு முழங்கால்' என்பதுதான், ஆனால் சிலிப் புல்லின் வாலும் அப்படியேதான் மடங்குகிறது.

பார்க்க வேண்டியது கழுத்து. முற்றிய விதை ஒன்றை உமியிலிருந்து உருவி எடுத்து, விதையும் வாலும் சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே சின்னக் கிரீடம் வைத்த மாதிரி ஒரு வளையம், அதன் விளிம்பில் நுண்ணிய பற்கள் இருந்தால் சிலி ஊசிப்புல். ஆஸ்ட்ரோஸ்டிபாவில் அந்தக் கிரீடம் இருக்காது. கண்ணாடி இல்லையா, நகத்தால் தடவுங்கள், பழகிய விரலுக்கே அந்த மேடு தட்டுப்படும்.

சரி, களைதான் என்று உறுதியாகிவிட்டது. கதிரை மட்டும் வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் இது தண்டின் கணுக்களிலும் அடியிலும் இலை உறைக்குள்ளேயே ஒளித்து விதை வைக்கும், வெளியே பூத்தது தெரியவே தெரியாது. புல்வெட்டும் இயந்திரத்தைக் கழுவாமல் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனால் விதையும் கூடவே போகும்.

அப்புறம், எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் தூரத்தில் நின்று முழுப் புதரை எடுத்து அனுப்பாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. உங்கள் காலுறையில் குத்திக்கொண்டு வந்த விதை ஒன்று போதும், அதை வெள்ளைத் தாளில் வைத்துக் கழுத்தைக் கிட்டத்தில் எடுங்கள்.