முதல் மோட்டார் சைக்கிளும் மோட்டார் வாகனச் சட்டமும்

இந்தியாவில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான ஓட்டுநர் உரிமம் ஒரே வகைதான். 100 சிசி வண்டியில் எட்டு போட்டுத் தேர்ச்சி பெற்றவருக்குக் கிடைக்கும் உரிமமே 650 சிசி வண்டியை ஓட்டவும் செல்லும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே தொடக்க நிலை உரிமம் 125 சிசிக்கும் 11 கிலோவாட் திறனுக்கும் மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த நிலையில் 35 கிலோவாட் வரை ஓட்டலாம். அதற்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு வயதும் அனுபவமும் கூட வேண்டும். நமது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தகைய படிநிலை இல்லை. எனவே, புதிதாக ஓட்டத் தொடங்குபவருக்கு எவ்வளவு பெரிய வண்டி ஏற்றது என்ற முடிவு முழுவதும் வாங்குபவரின் பொறுப்பாகிவிடுகிறது. உரிமம் வழங்குவதில் பார்க்காத இன்ஜின் அளவை பிரேக், காப்பீடு, வரி ஆகியவற்றில் விதிகள் பார்க்கின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஷோரூமுக்குப் போகிறவர்கள் நிறத்தையும் மாதத் தவணையையும் மட்டும் வைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள் என்பதாலேயே இந்த விளக்கம்.

வயதிலிருந்து தொடங்கலாம். சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயதிலேயே ஓட்டலாம். அதற்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு, கியர் இல்லாத வண்டிக்கான பழகுநர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ‘கியர் இல்லாத வண்டிதானே’ என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் ஸ்கூட்டரைக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்று விற்பனையாகும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற மொபெட் கூட 50 சிசி வரம்பைத் தாண்டியதே. 18 வயது நிறையாதவர் இவற்றை ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு பாதுகாவலர் மீதும் வண்டியின் உரிமையாளர் மீதும் பாய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதங்களுக்கு வண்டிப் பதிவு ரத்து ஆகியவற்றோடு, அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாத நிலையும் ஏற்படும்.

உரிமத்தைப் பொறுத்தவரை, கியர் உள்ள வண்டிக்கே விண்ணப்பிப்பது நல்லது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் தேர்ச்சி பெற்றவர் கியர் இல்லாத வண்டியிலும் தேர்ச்சி பெற்றவராகவே சட்டப்படி கருதப்படுவார். மறுதலையாக அது பொருந்தாது. எல்.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அதைப் பெற்றுக் குறைந்தது 30 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். இந்தக் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் பயிற்றுநராக உடன் இருக்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றிச் செல்லக்கூடாது. பொதுவான காப்பீட்டுப் பாலிசியின் ஓட்டுநர் நிபந்தனையும், பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியைப் பின்பற்றினால்தான் வண்டியை ஓட்டலாம் என்று அந்த விதியையே சுட்டுகிறது. ஆகவே எல்.எல்.ஆரோடு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது, அபராதத்தோடு முடியாமல் இழப்பீட்டையும் சிக்கலுக்குள்ளாக்கக்கூடும். என் கருத்தில், வண்டி வாங்குவதற்கு முன்பே எல்.எல்.ஆர். எடுத்து, அந்த 30 நாட்களில் இலகுவான ஒரு வண்டியில் பழகிவிட்டு, அதன் பிறகு எதை வாங்குவது என்று முடிவெடுப்பதே சரியான வரிசை. பழகும் முன் பிடித்திருந்த வண்டியும் பழகிய பின் பிடிக்கும் வண்டியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

முதல் வண்டியைத் தேர்ந்தெடுப்பவருக்கு மிகவும் பயன்படும் விதி பிரேக் பற்றியது. 2018 ஏப்ரல் 1 முதல் அறிமுகமான புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் அதற்கு முன்பே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று அந்த ஏற்பாடு சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சிபிஎஸ் உள்ள வண்டியில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும். ஆனால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏபிஎஸ் அதைத்தான் தடுக்கிறது. மழை பெய்த சாலையிலோ மணல் சிதறிய வளைவிலோ திடீரென்று நாய் குறுக்கே வந்தால், புதிதாக ஓட்டுபவரின் கை முன் பிரேக்கை முழு பலத்தோடு இறுக்கிவிடும். முன் சக்கரம் சுழலாமல் நின்றால், ஓட்டுபவர் என்ன நடந்தது என்று உணர்வதற்குள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரத்தின் வேகத்தைக் கவனிக்கும் சென்சார், பூட்டிக்கொள்ளும் தருணத்தில் பிரேக் அழுத்தத்தை நொடியில் பல முறை தளர்த்தி இறுக்குகிறது. பிரேக் லீவரில் விரல்களுக்குக் கீழே ஒரு துடிப்பு தெரியும். அப்போது பயந்து கையை விட்டுவிடாமல் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதைப் பழகும் நாட்களிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏபிஎஸ்ஸிலும் ஒரு வேறுபாடு உண்டு. சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும். டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும். 150, 160 சிசி வண்டிகளில் பலவற்றில் முன்னதே இருக்கிறது. விளம்பரத்தில் ‘ஏபிஎஸ் உண்டு’ என்று மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை, இருக்கையின் உயரம் ஆகியவற்றைப் பற்றிச் சட்டம் வாங்குபவருக்கு எந்த அறிவுரையும் சொல்வதில்லை. ஆனால் புதியவரின் வண்டி பெரும்பாலும் வேகத்தில் கீழே விழுவதில்லை. நிறுத்தும்போதும், யு வளைவு எடுக்கும்போதும், சரிவில் பின்னுக்குத் தள்ளும்போதும்தான் சாய்கிறது. ஷோரூமில் வண்டியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது உறுதியாகத் தரையில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். இறங்கி நின்று, இன்ஜினை அணைத்தபடி ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பி, வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இதைச் சிரமப்பட்டுச் செய்ய வேண்டியிருந்தால், அந்த வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் இரண்டாவது வண்டியாக வரட்டும்.

காப்பீட்டில் சட்டம் இன்ஜின் அளவை நேரடியாகவே கணக்கில் எடுக்கிறது. சாலை விபத்துகள் தொடர்பாகக் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அறிவிப்பில், 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான புதிய வண்டிக்கு இந்த ஐந்து ஆண்டுத் தொகை 3,851 ரூபாய். 150க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350 சிசியைத் தாண்டினால் 15,117 ரூபாய். இதற்கு மேல் வரி தனி. 149 சிசி வண்டிக்கும் 155 சிசி வண்டிக்கும் ஓட்டும்போது பெரிய வேறுபாடு தெரியாவிட்டாலும் காப்பீட்டுக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. ஜிஎஸ்டியிலும் 350 சிசி ஓர் எல்லைதான்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு.

மூன்றாம் நபர் காப்பீடு என்பது, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. ஓட்டுபவருக்கானது, உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதன் இழப்பீட்டுத் தொகை 15 லட்சம் ரூபாய். பதிவுச் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர் செல்லுபடியாகும் உரிமத்தோடு ஓட்டும்போதுதான் அது பொருந்தும். அப்பா பெயரில் வண்டியை எடுத்து மகனோ மகளோ தினமும் ஓட்டும் வீடுகளில் இது கவனிக்கப்படுவதே இல்லை. நாள்தோறும் ஓட்டப்போகிறவர் 18 வயது நிறைந்தவர் என்றால், அவர் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்வது நல்லது. முடியாவிட்டால் அவருக்கென்று தனி விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது கேட்டுப் பெற வேண்டிய ஓர் உரிமையும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி, இருசக்கர வாகனம் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு உட்பட்ட தலைக்கவசத்தைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்கிறது. அதை விலைப்பட்டியலில் தனி உதிரிப்பொருளாகச் சேர்த்திருந்தால் விளக்கம் கேளுங்கள். அந்தத் தலைக்கவசம் உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், ஐஎஸ் 4151 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ள வேறொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 129ஆம் பிரிவின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும், பின்னால் உட்காருபவர் உட்பட, இதை அணிய வேண்டும். அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் உண்டு. பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் சேலை கார்டும், பின்னால் அமர்பவருக்கான கைப்பிடியும் காலடியும் 123ஆம் விதியின்படி கட்டாயமானவை. வண்டியின் தோற்றத்துக்காகச் சேலை கார்டைக் கழற்றுவது, பின்னால் உட்காரும் அம்மாவின் புடவை முந்தானையைச் சக்கரத்துக்குக் கொடுப்பதாகும்.

முதல் வண்டியைப் பழைய வண்டியாக வாங்குவதில் தவறில்லை. சில கீறல்கள் விழுந்தாலும் மனம் வருந்தாது என்பதே அதன் பெரிய வசதி. ஆனால் 2019 ஏப்ரலுக்கு முன் தயாரானது என்றால் ஏபிஎஸ், சிபிஎஸ் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம் என்பதால், பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு மாதத்தை முதலில் பாருங்கள். அதில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35உம் கிடைக்காமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் படிவங்கள் 29, 30 வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் காப்பீட்டு நிறுவனத்திடம் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றம் முடியும்வரை பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவர் விற்றவரே; விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரைத்தான் தேடிப் போகும் என்பதால், இந்தப் படிவங்களை நேரத்தோடு கொடுப்பதில் விற்பவருக்கும் அதே அளவு அக்கறை இருக்க வேண்டும்.