சட்டியில் இல்லாத ஃபோட்டான் அகப்பையில் வராது

"படம் கொஞ்சம் மங்கலாத்தான் வந்திருக்கு. பரவாயில்லை, ஏஐல போட்டுச் சரிபண்ணிக்கலாம்."

நுண்ணோக்கி அறைகளில் இப்போது அதிகம் கேட்கிற பேச்சு இதுதான். பேச்சோடு ஒரு ஃபைலும் வரும். திறந்தால் 8 பிட் ஜேபெக், அதாவது வெளிச்சத்துக்கு 256 படிகள் மட்டும். வெளிச்சமான இடமெல்லாம் உச்சத்தில் முட்டி வெறும் வெள்ளை. அளவுகோல் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். ஒரு பிக்சல் எத்தனை நானோமீட்டர் என்று கேட்டால் பதில் வராது. மூலப்படம் எங்கே என்றால், இடம் போதவில்லை என்று அழித்தாயிற்று. இப்படி ஒன்றிரண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் வந்தால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சொல் விஷயம். சாம்பிளையும் மாடலையும் தமிழில் "மாதிரி" என்றே எழுதிக் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையில் ஸ்லைடில் இருப்பது மாதிரி, கணினியில் இருப்பது மாடல்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரத்தை ஆழ்கற்றல் மாடல் தோண்டி எடுத்துத் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது எதையும் தோண்டுவதில்லை. பயிற்சியின்போது பார்த்த படங்களை வைத்து, இந்த இடத்தில் இது இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்புகிறது. ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் இந்தத் துறையே நடக்கிறது. ஆனால் ஊகத்தை அளவீடு என்று எண்ணிக்கொள்வதில்தான் வம்பு.

எண்களை வைத்தே பார்ப்போம். எர்ன்ஸ்ட் அபே 1873-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் அதேதான்: பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய தூரம் என்பது ஒளியின் அலைநீளத்தை லென்ஸின் என்.ஏ. (எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்வது) எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 520 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு, என்.ஏ. 1.4 உள்ள எண்ணெய் லென்ஸ் சுமார் 186 நானோமீட்டர் தரும். என்.ஏ. 0.5 உள்ள 20 மடங்கு லென்ஸ் 520 நானோமீட்டர் தரும். இப்போது 250 நானோமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் லென்ஸில் அவை இரண்டு. இரண்டாவதில் ஒரே திட்டு. அந்தத் திட்டு இரண்டு புள்ளிகளால் வந்ததா, நெருங்கிய மூன்றால் வந்ததா, சற்றே பெரிய ஒன்றால் வந்ததா? இரைச்சலோடு (படத்தில் தாறுமாறாக வரும் ஆட்டத்தோடு) சேர்த்துப் பார்த்தால் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே படம்தான். 20 மடங்கு படத்தை 60 மடங்காக மாற்றித் தருகிறேன் என்கிற மாடல், மூன்றில் எது பயிற்சிப் படங்களில் அதிகம் வந்ததோ அதை எழுதும். நலமான செல்களில் பெரும்பாலும் ஒற்றைப் புள்ளி என்று கற்ற மாடலிடம், மருந்து கொடுத்ததால் புள்ளிகள் இரட்டித்த செல்லைக் காட்டினால் அங்கும் ஒற்றைப் புள்ளியே வரும். நீங்கள் கண்டுபிடிக்கப் புறப்பட்ட விஷயத்தையே அது துடைத்துவிடும். படம் மட்டும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்.

(சராசரிப் பிழையைக் குறைக்கப் பயின்ற மாடல், சந்தேகம் வந்தால் மங்கலாக எழுதும். அது ஒருவகை நேர்மை. ஒன்று ஏமாற்றவும் மற்றொன்று அதைக் கண்டுபிடிக்கவும் பயிலும் கான் வகை இரட்டை வலைப்பின்னல் சந்தேகத்தையே வெளியே காட்டாது. அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.)

ஃபோட்டான் (ஒளித்துகள்) கணக்கும் இப்படித்தான். ஒரு பிக்சலில் சராசரி 100 ஃபோட்டான் விழுந்தால், அதில் ஏறத்தாழ 10 அளவுக்கு ஆட்டம் இருக்கும். 4 ஃபோட்டான் விழுந்தால் ஆட்டம் 2, அதாவது சமிக்ஞையில் பாதி. தெளிவை இரட்டிக்க நான்கு மடங்கு ஃபோட்டான் தேவை. இது கேமராவின் குறையில்லை, ஒளியின் இயல்பு. எந்த மென்பொருளும் இதைத் தாண்டியதில்லை.

"ஆனால் 60 மடங்கு குறைந்த ஒளியிலேயே படத்தை மீட்கலாம் என்று கட்டுரை இருக்கிறதே?" இருக்கிறது. 2018-இல் வந்த கேர் என்ற முறை. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் பயிற்சி எப்படி நடந்தது என்ற பகுதியைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே மாதிரி, ஒரே லென்ஸ், ஒரே இடம். லேசரைக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று, அடுத்தடுத்து எடுத்த ஜோடிப் படங்கள். அப்படிக் கற்ற மாடல் அந்த வகை மாதிரிக்குத்தான். இணையத்தில் இறக்கிய மாடலை, வேறு சாயம், வேறு லென்ஸ், வேறு உயிரினம் என்று கண்டதற்கெல்லாம் ஓட்டிவிட்டு "கேர் பயன்படுத்தினோம்" என்று எழுதுவது ஏமாற்று. தெரியாமல் செய்தாலும் ஏமாற்றுதான்.

ஜோடி கிடைக்காதவர்கள் நாய்ஸ்2வாய்டு போன்ற முறைகளுக்குப் போகிறார்கள். தெளிந்த படமே இல்லாமல், இரைச்சல் படத்திலிருந்தே கற்பது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பிக்சலின் இரைச்சலுக்கும் பக்கத்துப் பிக்சலின் இரைச்சலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஜேபெக் 8-க்கு 8 கட்டங்களாகச் சுருக்கும்போதே அந்த நிபந்தனை போய்விடும். படத்தைச் சுழற்றினாலும் அளவு மாற்றினாலும் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அப்போதும் போய்விடும். எஸ்சிமாஸ் (நுண்ணோக்கிகளில் வழக்கமான ஒரு சென்சார் வகை) கேமராவின் வரிக்கோடுகளை மாடல் "அமைப்பு" என்று நினைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், சில சமயம் இன்னும் அழுத்தமாகவே காட்டும். ஆகவே இரைச்சல் நீக்கம் முதல் வேலை. சுழற்றல், சீரமைத்தல் எல்லாம் அதன்பிறகு.

பிரகாசத்தை அளப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பெரும்பாலான எஸ்சிமாஸ் கேமராக்கள் இருட்டிலும் சுமார் 100 என்ற அடிப்படை எண்ணைக் கூட்டியே தரும். ஒரு செல் 300, இன்னொன்று 200 என்று வந்தால் விகிதம் 1.5 இல்லை. 100-ஐக் கழித்தால் 200-க்கு 100, விகிதம் 2. இதைக்கூடக் கழிக்காமல் மாடலுக்குக் கொடுத்து, மாடலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே 0 முதல் 1 வரை இழுத்து நிறுத்தி, பிறகு வெளிவந்த படத்தில் "புரத அளவு 40 சதவீதம் குறைந்தது" என்று எழுதுகிறார்கள். தனித்தனியே இழுத்த நொடியிலேயே எது பிரகாசம், எது மங்கல் என்ற ஒப்பீடு செத்துவிட்டது. பிரகாசத்தை மூலப்படத்தில் அளவிடுங்கள். செல்லின் எல்லையைக் கண்டுபிடிக்க மட்டும் மாடலை வையுங்கள்.

ஃபிஜி என்ற படமென்பொருளில் 16 பிட்டை 8 பிட்டாக மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு குழி. திரையில் அந்த நேரத்தில் என்ன கான்ட்ராஸ்ட் வைத்திருக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் மாற்றம் நடக்கும். "ஆட்டோ" அழுத்திய படமும் அழுத்தாத படமும் வேறு வேறு எண்களாகிவிடும். மாற்றாமல் விட்டால் என்ன குறைந்துபோகும்?

அடுத்த பெரிய நோய், சோதனைத் தொகுப்பைப் பிரிக்கும் விதம். கணக்கைப் பாருங்கள். 2048-க்கு 2048 பிக்சல் படங்கள் 40. ஒவ்வொன்றையும் 256-க்கு 256 துண்டுகளாக வெட்டினால் படத்துக்கு 64, மொத்தம் 2,560 துண்டுகள். இவற்றைச் சீட்டுக்கட்டுபோல் குலுக்கி 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரிக்கிறார்கள். ஒரே செல்லின் இடது பாதி பயிற்சியில், வலது பாதி சோதனையில். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு 98 சதவீதம் எடுத்ததற்குக் கைதட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வெட்டிய பிறகு பிரிக்காதீர்கள், பிரித்த பிறகு வெட்டுங்கள். பிரிப்பதும் படவாரியாகப் போதாது. விலங்குவாரியாக, செல் வளர்த்த தட்டுவாரியாக, நாள்வாரியாகப் பிரியுங்கள். அந்த 40 படங்களும் 4 தட்டுகளிலிருந்து வந்தவை என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 4. 2,560 என்று எழுதவே எழுதாதீர்கள்.

நாள்வாரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருந்தில்லாத செல்களைத் திங்கள்கிழமையும் மருந்து கொடுத்தவற்றை வியாழக்கிழமையும் படமெடுத்தால், மாடல் கற்பது மருந்தையா கிழமையையா? விளக்கின் சூடு, பின்னணி வெளிச்சம், லென்ஸில் ஒட்டிய தூசி எல்லாமே அதற்குத் தடயம். 2018-இல் மார்பு எக்ஸ்ரே மாடல்களை ஆராய்ந்தவர்கள், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை வலைப்பின்னல் மிக எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறது என்று காட்டினார்கள். நுண்ணோக்கிப் படமும் விதிவிலக்கில்லை. சோதிக்க எளிய வழி ஒன்று: செல்லே இல்லாத வெற்றுப் பின்னணித் துண்டுகளை மட்டும் வெட்டி, அவற்றை வைத்து அதே மாடலைப் பயிற்றுவியுங்கள். மருந்து உண்டா இல்லையா என்று அப்போதும் அது சரியாகச் சொன்னால், உங்கள் முந்தைய முடிவைக் குப்பையில் போடலாம். ஒரு மதியவேளை வேலை. யாரும் செய்வதில்லை.

செல்களைப் பிரித்தெடுக்கும் மாடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஸ்டார்டிஸ்ட், நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர் விட்டால் எல்லையைத் தொடும் வடிவங்களுக்கானது. உருண்டை நியூக்ளியஸ்களுக்கு அருமை. கிளைவிட்ட நியூரானைக் கொடுத்துவிட்டு அதைத் திட்டாதீர்கள். செல்போஸின் முதல் தலைமுறை செல் மாடல், செல்லின் விட்டம் 30 பிக்சல் என்ற அளவுக்குப் படத்தைச் சுருக்கி அல்லது விரித்துப் பார்க்கும். விட்டத்தைத் தவறாகக் கொடுத்தால் ஒரு செல் நான்காக உடையும், அல்லது நான்கு ஒன்றாக ஒட்டும். கையால் எல்லை வரைகிற வேலையை இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுங்கள். அவர்களுக்குள் ஒற்றுமை 0.85 என்றால், மாடல் 0.97 வாங்குவதைக் கண்டு மகிழக் கூடாது. சோதனைப் படம் எங்கோ பயிற்சிக்குள் கசிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

மதிப்பெண் என்றதும் எஸ்.எஸ்.ஐ.எம்., பி.எஸ்.என்.ஆர். என்று, இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்களின் பட்டியல் வரும். 512-க்கு 512 படத்தில் 2,62,144 பிக்சல்கள். 5-க்கு 5 அளவுள்ள புள்ளிகள் பத்தை மாடல் விழுங்கிவிட்டது என்று வையுங்கள். போனது 250 பிக்சல், அதாவது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மதிப்பெண் அசையாது. உங்கள் ஆய்வே அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் என்றால்? படத்துக்கு மதிப்பெண் போடுவதை விட்டு அளவீட்டுக்குப் போடுங்கள். அதிக ஒளியில் எடுத்த படத்தில் எண்ணியது எத்தனை, மாடல் மீட்ட படத்தில் எத்தனை, வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைந்து பாருங்கள். கூடவே ஒரே தரவில் வேறு வேறு தொடக்க எண்களோடு ஐந்து மாடல்களைப் பயிற்றுவித்து, ஐந்தும் முரண்படும் இடங்களை நம்பாமல் விடுங்கள். ஐந்தும் ஒரே தவறைச் சேர்ந்து செய்யவும் கூடும், ஒற்றுமையை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, கேமராவை இயக்குவதற்கு முன். விளக்கை அரைமணி நேரம் சூடேற விடுங்கள். கவர்ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர், அதாவது 1.5 எண். கைக்கு வந்ததை எடுத்து ஒட்டினால் படம் கலங்கும், அந்தக் கலங்கலை மாடல் அமைப்பாகக் கற்கும். 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல் கேமராவில் 60 மடங்கு லென்ஸ் போட்டால் மாதிரியில் ஒரு பிக்சல் 108 நானோமீட்டர். 186-ஐப் பிரிக்க அது போதாது, அதில் பாதியான 93-க்குக் கீழாவது வேண்டும். 100 மடங்கு போட்டால் 65, அது சரி. ஷட்டரை மூடி ஒரு இருட்டுப் படம், சீரான ஒளிர்வுள்ள ஸ்லைடில் ஒரு சமதளப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. உச்சத்தில் முட்டிய பிக்சலைச் சிவப்பில் காட்டும் வண்ண அட்டவணையை எப்போதும் போட்டு வையுங்கள். 12 பிட்டில் 4095-ஐத் தொட்ட பிக்சல் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நுண்ணோக்கி தரும் மூல ஃபைலை அப்படியே சேமியுங்கள். பிக்சல் அளவு, லென்ஸ், எக்ஸ்போஷர் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு வேண்டுகோள், திட்டாமல் கேட்கிறேன். உயிருள்ள செல்களைக் குறைந்த லேசரில் எடுத்துப் பிறகு மாடலால் மீட்கப்போகிறீர்கள் என்றால், அதே நாளில், அதே மாதிரியில், பத்து இடங்களையாவது குறைந்த ஒளியிலும் முழு ஒளியிலும் ஜோடியாக எடுத்துவிடுங்கள். மருந்து கொடுத்தவற்றிலும் எடுங்கள், கொடுக்காதவற்றிலும் எடுங்கள். அந்தச் செல்கள் பிறகு வெளிறிப்போனாலும் போகட்டும். அந்தப் பத்தையும் பயிற்சிக்குக் கொடுத்துவிடாமல் தனியே பூட்டி வையுங்கள். மாடல் நல்லதா கெட்டதா என்று பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது அவை மட்டுமே.

கட்டுரை எழுதும்போது மாடலின் பெயர், பதிப்பு எண், எந்தப் படங்களில் பயின்றது, பிரகாசத்தை எப்படிச் சீராக்கினீர்கள், எல்லைக்கு வைத்த வரம்பு எண் எவ்வளவு என்று முறைகள் பகுதியில் வரிக்கு வரி எழுதுங்கள். படத்தின் அடிக்குறிப்பில் "மாடலால் மீட்கப்பட்டது" என்று போடுங்கள். பக்கத்திலேயே மூலப்படத்தையும் வையுங்கள், இரண்டுக்கும் ஒரே அளவு உருப்பெருக்கத்தில். மூலப்படம் கரகரவென்று அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.