விடியற்காலைத் தண்ணீரும் வீங்கிய வட்டும்

இலங்கையின் பெந்தோட்டை ஆற்றில் ஒரு வாரம் வேக்போர்டிங் கற்றுத் திரும்பிய வாசகர் ஒருவர், நாள்தோறும் காலை 6 மணிக்கே தண்ணீரில் இறங்கியதாகவும், நான்காம் நாள் இடுப்பை நிமிர்த்த முடியாமல் போனதாகவும் எழுதியிருக்கிறார். மாலையில் மட்டும் சறுக்கிய நண்பருக்கு வலியே இல்லையாம். காரணம் என்ன என்று கேட்கிறார். இருவரில் யார் எப்படிச் சறுக்கினார் என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், கேள்வியில் ஒளிந்திருக்கும் அந்தக் 'காலை' என்ற சொல்லைத் தள்ளிவிடவும் முடியாது.

மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகின் பின்னால், இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, கயிற்றின் கைப்பிடியைப் பற்றியபடி, படகு எழுப்பும் பின்னலையின் மேல் பக்கவாட்டில் நின்று சறுக்குவதே இவ்விளையாட்டு. இதில் முதுகைப் பிடிக்கும் முதல் பகை கயிறுதான். கயிற்றின் இழுவிசை 300 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடையின் சுமை, என்று வைத்துக்கொள்வோம். புதியவர் இடுப்பை வளைத்துக் கைப்பிடியை நெஞ்சுயரத்தில் பிடித்திருந்தால், கீழ்முதுகிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் அந்த விசை அவரை முன்னால் மடக்கப் பார்க்கும். அதைத் தடுக்க வேண்டிய முதுகுத் தசைகளோ முள்ளெலும்பின் மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்கைப் போட்டால், தசைகள் 2,000 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும் என்று தெரியும். அத்தனையும் முதுகெலும்பை அழுத்தும் சுமையாகவே போய்ச் சேரும். கைப்பிடியை இடுப்புயரத்துக்கு இறக்கினால் அந்த நெம்புகோலே இல்லாமல் போகிறது. புறப்படும்போது கைகளை நீட்டி, முழங்கால்களை மடித்து, எழுப்பிவிடும் வேலையைப் படகிடம் விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். தாவி இறங்குவதிலும் கணக்கு எளியதே: ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் 5 சென்டிமீட்டரில் நின்றால் எடையைப் போல் 30 மடங்கு விசை தாக்கும், முழங்காலும் இடுப்பும் மடங்கி 40 சென்டிமீட்டரில் நின்றால் 5 மடங்குக்குள் அடங்கிவிடும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இடுப்பின் 5 முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தைகளை நாம் பேச்சில் 'ஜவ்வு' என்கிறோம். வட்டு என்பதே பொருத்தமான பெயர். அதன் நடுவில் கூழ் போன்ற கரு இருக்கிறது. அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்குகளாகக் கொலாஜன் இழைகள் வளையமிட்டிருக்கின்றன. ஓர் அடுக்கின் இழைகள் வலப்புறம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் இழைகள் இடப்புறம் சாயும். ஆகவே உடலைத் திருகும்போது பாதி அடுக்குகளே இறுகிச் சுமை தாங்குகின்றன, மீதிப் பாதி தளர்ந்து நிற்கின்றன. பக்கவாட்டில் நின்று படகைப் பார்த்துத் திரும்பியே இருக்க வேண்டிய இந்த விளையாட்டில் இது சிறிய செய்தி அன்று.

கருவின் சாமர்த்தியம் அதனினும் வியப்பானது. பள்ளியில் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு அது உப்புவதைப் பார்த்திருப்போம். அங்கே நீரை உள்ளே விட்டுச் சர்க்கரையைத் தடுத்து நிறுத்த ஒரு சவ்வு உண்டு. வட்டின் கருவில் அப்படியொரு சவ்வு கிடையாது; அங்கே காவல் காப்பது மின்னூட்டம். புரோட்டியோகிளைக்கான் என்னும் பெரிய மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டத்துடன் அசையாமல் சிக்கிக் கிடக்க, அவற்றைச் சமன்செய்ய நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அயனிகள் உள்ளே குவிய, அயனிகளைத் தேடி நீர் வருகிறது. பகல் முழுவதும் உடலின் எடை அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. இரவில் படுத்ததும் சுமை குறைய, வட்டு மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் மாலையில் இருப்பதைவிடக் காலையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயரமாக இருப்பது இதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உயரத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறோம்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் வில்கேயும் உடனிருந்தோரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய வட்டுக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகினார்கள். படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல், 7 மணி நேர உறக்கத்தின் முடிவில் 0.24; நிற்கையில் 0.5, அதாவது கார் டயரில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேல். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்குகையில் 2.3. இத்தனையும் ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகிலிருந்து கிடைத்தவை. உலகில் மிக அதிகமானோரை முடக்கும் நோயாகிய கீழ்முதுகுவலியைப் பற்றிய அடிப்படை அளவீடுகளில் ஒன்று ஒரே மனிதரின் பொறுமையை நம்பி நிற்பது, ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் வெட்கப்பட வேண்டிய செய்தி என்றே நினைக்கிறேன்.

நீர் நிரம்பிய வட்டு, காற்று முட்ட அடித்த பந்தைப் போல் வளைய மறுக்கும். வலிந்து வளைத்தால் பின்புற இழைகள் விண்ணென்று இழுபடும். அதிகாலையில் முன்னால் குனியும்போது வட்டின் மீதான வளைவுத் தகைவு, அதாவது வளைப்பதால் அதற்குள் எழும் இறுக்கம், சுமார் 300 விழுக்காடு கூடுகிறது என்று ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகிய மூவரும் 1987இல் கணித்தார்கள். நாள்பட்ட வலியுள்ளோரை எழுந்த பின் முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருக்கச் செய்தபோது வலி குறைந்ததாக 1998இல் ஸ்னூக் குழுவினர் காட்டினார்கள். எடையற்ற விண்வெளியில் முதுகெலும்பு அழுத்தப்படாமல் நீள்வதால் விண்வெளி வீரர்களின் உயரம் 3 விழுக்காடு வரை கூடுவதும், அவர்களில் பலர் முதுகுவலியால் அவதிப்படுவதும் இதே கதையின் இன்னொரு கிளை.

இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. காற்று எழும்முன், விடியற்காலையில்தான் நீர்ப்பரப்பு கண்ணாடி போலக் கிடக்கும். பெந்தோட்டை ஆறானாலும் புளோரிடாவின் ஓர்லாண்டோ ஏரிகளானாலும் சறுக்குவோர் போட்டியிடுவது அந்த நேரத்துக்கே. தண்ணீர் மிகச் சிறப்பாக இருக்கும் வேளையும், வட்டு வளையக் கூசும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

வலி வந்துவிட்டால் கட்டிலோடு கிடக்க வேண்டாம். இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே படுத்திருந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள் என்று ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். பெரும்பாலான வலிகள் சில வாரங்களில் அடங்கிவிடும். கால் முதலாகப் பிறந்தவரை அழைத்து மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தானே குறையும் வலிக்கு எவர் மிதித்தாலும் கைராசிப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் படகிலிருந்து விழுந்து எலும்பு கீறியிருக்கும் முதுகை மிதிப்பது விளையாட்டன்று. 'ஜவ்வு நழுவிவிட்டது' என்ற பேச்சும் அச்சத்தையே வளர்க்கிறது. மேலும் கீழும் எலும்போடு ஒட்டியிருக்கும் வட்டு நழுவ முடியாது, பிதுங்கத்தான் முடியும். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வாசகருக்கு: வலி அடங்கிய பின், பக்கவாட்டில் முழங்கையூன்றி உடலைத் தாங்கும் பயிற்சியையும், நான்கு கால் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சியையும் செய்து வாருங்கள். அடுத்த முறை ஐந்து மணிக்கே எழுந்து கரையில் நடந்துகொண்டிருங்கள். முதல் சுற்றை நண்பருக்கு விட்டுக்கொடுங்கள்; உங்கள் முறை வரும்வரை படகில் கூன்போட்டு உட்காராமல் நின்றுகொண்டிருங்கள். ஏழரை மணிக்குத் தண்ணீர் கொஞ்சம் சிலிர்த்திருக்கும், அவ்வளவுதான்.