டிஜிலாக்கரில் இருப்பது அசல் ஆகுமா? பேரிடருக்கு முன் குடும்ப ஆவணங்களை ஒழுங்கு செய்தல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படி ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகும்போது முதலில் நனைவது பீரோவின் கீழ்த்தட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியும்தான். நம் வீடுகளில் பத்திரமும் பட்டாவும் மதிப்பெண் சான்றிதழும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் பாதிக்கப்பட்ட சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில், ஆவணங்களை இழந்தவர்களுக்குக் கட்டணமின்றி நகல் வழங்கத் தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இத்தகைய முகாம்கள் நடந்தன.

அத்தகைய முகாமில் யாருக்கு வேலை விரைவில் முடியும் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அட்டையைத் தொலைத்தவரும் எண்ணைச் சொல்லத் தெரிந்தால் விண்ணப்பம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். எண்ணும் தெரியாமல், எந்த அலுவலகம் எந்த ஆண்டில் கொடுத்தது என்பதும் தெரியாமல் நிற்பவருக்கு ஒவ்வொரு மேசையிலும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். அரசு வழங்கிய காகிதம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவை எட்டுவதற்கான வழியை நாம் கையில் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது காட்ட உதவும் மைய அரசின் டிஜிலாக்கர், அந்த வழியைச் சட்டபூர்வமாகத் தருவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் அதன் வரம்புகளைப் பலரும் சரியாக அறியாததால், இருக்கும் உரிமையைக் கேட்காமலும் இல்லாத உரிமையை நம்பியும் இருந்துவிடுகிறார்கள்.

டிஜிலாக்கர் 2015 ஜூலை 1 அன்று டிஜிட்டல் இந்தியா திட்டத்தின் பகுதியாகத் தொடங்கப்பட்டது. மைய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. இதற்கான விதிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2016இல் வெளியிடப்பட்டு, 2017 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 9ஏ என்னும் விதிதான் நமக்கு முக்கியமானது. ஒரு துறை மின்கையொப்பத்துடன் டிஜிலாக்கரில் வழங்கிய ஆவணத்தை, அதைக் கேட்கும் அலுவலகம் காகித ஆவணத்துக்கு இணையாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அந்த விதி சொல்கிறது. மேலும், அப்படி வழங்கப்பட்ட ஆவணத்தை அதன் இணைப்பு வழியாக ஓர் அலுவலகம் பார்த்தால், வழங்கிய துறையே அதை நேரடியாக அந்த அலுவலகத்துக்கு அனுப்பியதாகக் கருதப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது நடுவில் நாம் கைவைத்து மாற்ற இடமில்லாத ஒரு பாதையில் ஆவணம் போகிறது என்பதால்தான் அதற்கு அந்த மதிப்பு.

இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால், டிஜிலாக்கருக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளுக்கு இடையிலான வேறுபாடு தானாக விளங்கும். ஒன்று ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’. இதில் இருப்பவை அந்தந்தத் துறையின் தரவுத்தளத்திலிருந்தே வருபவை. மற்றொன்று ‘பதிவேற்றிய ஆவணங்கள்’. நாமே ஸ்கேன் செய்தோ படம் எடுத்தோ ஏற்றி வைப்பவை. முன்னதற்கே சட்ட மதிப்பு உண்டு. பின்னது செல்பேசியில் இருக்கும் ஒரு புகைப்படத்தைப் போன்றதுதான். 2018இல் ரயில்வே நிர்வாகம் பயணிகளின் அடையாளச் சான்றாக டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் ஏற்கலாம் என்று அறிவித்தபோதும், வழங்கப்பட்ட பகுதியில் இருப்பவை மட்டுமே செல்லும், பயணியே பதிவேற்றியவை செல்லாது என்று குறிப்பிட்டுச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மைய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதியும் திருத்தப்பட்டு, ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு முதலியவற்றை மின்னணு வடிவில் காட்டலாம் என்று ஆயிற்று. ஆகவே மதிப்பெண் சான்றிதழைப் படம் எடுத்து ஏற்றிவிட்டு ‘எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்பவர், உண்மையில் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்.

ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை, மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை வழங்கப்பட்ட பகுதிக்குள் கொண்டுவர முடியும். சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கும் இது உண்டு. 2018இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது சான்றிதழை இழந்த மாணவர்களுக்கு அந்த வாரியம் டிஜிலாக்கர் வழியாகவே உதவியது. இவை தவிர, இ-சேவை மையத்தில் பெறும் சாதி, வருமானம், இருப்பிடம் போன்ற வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்காகத் தமிழ்நாடு அரசு ‘இ-பெட்டகம்’ என்னும் செயலியை 2023இல் கொண்டுவந்தது. இச்சான்றிதழ்கள் மின்கையொப்பமிட்டவை. அவற்றின் எண்ணைக் கொண்டு உண்மைத்தன்மையைச் சரிபார்க்க முடியும் என்பதால், காகிதம் நனைந்துபோவது பெரிய இழப்பன்று. தாசில்தாரின் கையொப்பமும் கோபுர முத்திரையும் மையில் இருக்கும் பழைய அட்டைகளுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

நடைமுறையில் தமிழர்களுக்கு அதிகம் வரும் ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். டிஜிலாக்கர் ஒரு துறையின் ஆவணத்தை இழுத்துவரும்போது, நம் ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அந்த ஆவணத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக விரிந்து நிற்கும், ஏனெனில் பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை மட்டும் எழுத இடமில்லை. திருமணமான பெண்ணுக்குக் கணவரின் எழுத்து ஒன்றிலும் தந்தையின் எழுத்து மற்றொன்றிலும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ழ’கரம் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக மாறியிருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று விளங்கிவிடும் இந்த வேறுபாட்டைக் கணினி ஏற்பதில்லை. ‘பெயர் பொருந்தவில்லை’ என்று சொல்லிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் துன்பமானது. அப்போது பெயரைத் திருத்துவதற்குக் காட்ட வேண்டிய சான்றே சேற்றில் போயிருக்கும்.

ஆகவே எல்லா ஆவணங்களையும் ஒருமுறை மேசைமேல் பரப்பி, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதையே நான் முதல் வேலையாகச் சொல்வேன். திருத்தும்போது எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில் நிதானம் தேவை. பள்ளிச் சான்றிதழைப் பிற்காலத்தில் மாற்றுவது மிகக் கடினம் என்பதால், பெரும்பாலானோர் அதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும் மட்டுமே மாற்ற அனுமதி உண்டு. அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. குழந்தைகளுக்கோ பிறப்புச் சான்றிதழிலேயே கவனம் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்த நாளிலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் பிறந்த தேதிக்கான சான்று அந்தச் சான்றிதழ்தான். அதில் விழுந்த எழுத்துப்பிழை அந்தக் குழந்தையின் எல்லா ஆவணங்களுக்கும் பரவும்.

டிஜிலாக்கரை நம்பி இருப்பவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் கதவு திறப்பது செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யால். ஆதாரில் பதிந்த எண் எப்போதோ கைவிடப்பட்ட எண்ணாக இருந்தாலோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது துண்டிக்கப்பட்டிருந்தாலோ, உள்ளே எத்தனை ஆவணம் இருந்தும் பயனில்லை. வயதான பெற்றோரின் ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது. மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் ஆதார் மையத்துக்கு அவர்களே நேரில் போக வேண்டியிருக்கலாம், படுத்த படுக்கையான பிறகு அது எளிதன்று.

வீட்டுப் பத்திரம் இந்த ஏற்பாட்டுக்குள் வராத ஒன்று. பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தின் அசலுக்கு ஸ்கேன் பிரதி ஈடாகாது. அடமானக் கடனுக்கு வங்கி கேட்பதும் அசலைத்தான். ஆனால் அசல் அழிந்தாலும் உரிமை அழிவதில்லை. பத்திரத்தின் முழு நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி அதன் சான்றிட்ட நகலைப் பெறலாம், அதற்குப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கவும் முடியும். இதற்குத் தேவைப்படுபவை மூன்றே விவரங்கள்: சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், ஆவண எண், பதிவான ஆண்டு. என் உறவினர் வீட்டில் தாத்தா காலத்து மூலப்பத்திரம் கரையான் அரித்துப் போனபோது இந்த மூன்றும் யாருக்கும் தெரியாமல், பழைய வில்லங்கச் சான்றுகளை வரிவரியாகப் படித்துக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின. பட்டா, சிட்டா ஆகியவற்றை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மாவட்டம், வட்டம், கிராமத்தோடு பட்டா எண்ணோ புல எண்ணோ வேண்டும். ஒரே தாளில் இவற்றை எழுதி, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஓர் உறவினரிடம் ஒரு பிரதி கொடுத்து வைப்பதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு வேறில்லை. வெள்ளம் ஒரே நேரத்தில் இரண்டு ஊர் வீடுகளையும் தொடுவது அரிது.

அசலை வங்கி லாக்கரில் வைப்பவர்கள், 2022 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிகளைத் தெரிந்திருக்க வேண்டும். தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் ஏற்படும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால், வங்கியின் கவனக்குறைவு இல்லாத நிலையில் ஏற்படும் சேதத்துக்கு அதற்குப் பொறுப்பு இல்லை. தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ இருக்கும் லாக்கரில் வைத்தாலும் நீர் புகாத உறையில் போட்டே வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

அவசரம் என்பது வெள்ளம் மட்டுமன்று; குடும்பத் தலைவரின் திடீர் மரணமும் அப்படிப்பட்டதுதான். வங்கி வைப்பு, லாக்கர் இரண்டுக்கும் நான்கு பேர் வரை நியமனதாரராக (நாமினி) நியமிக்க 2025 நவம்பர் 1 முதல் வழி ஏற்பட்டிருக்கிறது. வைப்புக்கு அந்த நால்வருக்கும் பங்கு பிரித்தும் சொல்லலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் சொல்லலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறை மட்டும் உண்டு. வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை நியமனதாரர் அதைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரே தவிர, வாரிசுகளின் பங்கைத் தள்ளிவிட்டு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பல குடும்பங்களில் மனக்கசப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால், உயில் எழுதுவதாக இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதையும் பத்திர விவரங்களை எழுதிய தாளிலேயே எழுத வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காமல் கிடக்கும் கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளம் 2023 முதல் இயங்குகிறது; பெற்றோரின் பழைய கணக்குகளை அதில் தேடிப் பார்க்கலாம்.

மருத்துவமனைக்கு ஓடும்போது தேவைப்படும் ஆவணங்களைத் தனியே பிரித்து, எளிதில் கைக்கு எட்டும் ஓர் உறையில் வைக்க வேண்டும். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, தனியார் காப்பீடு இருந்தால் அதன் எண், தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகியவை அதில் போதும்.

அசல்களை லேமினேட் செய்வது நல்லதன்று. சூட்டில் அச்சும் மையும் கெடலாம், பின்பக்கத்தில் குறிப்பு எழுதவோ முத்திரை இடவோ முடியாது, பின்னர் பிரிக்கவும் இயலாது. நீர் புகாத ஜிப் உறைகளில் போட்டு, வீட்டின் உயரமான தட்டில், ஒரே கையில் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடிய பையில் வைப்பதே சரியானது. நனைந்துவிட்டால் ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காமல், வெயிலில் காயவைக்காமல், இடையில் வெள்ளைத் தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் மெதுவாக உலர்த்த வேண்டும்.

முற்றிலும் தொலைந்தவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’ பதிவு செய்யலாம். கடவுச்சீட்டு, பள்ளி கல்லூரிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, அடையாள அட்டைகள் ஆகியவற்றுக்கு நகல் கோரும்போது இதை இணைக்கலாம். அந்தப் படிவமும் முதலில் கேட்பது ஆவணத்தின் எண்ணைத்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மேசைமேல் பரப்பும் வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, ஆவண எண்களை எழுதிய அந்தத் தாளின் அடியில் மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்ட உதவி எண் 1077 ஆகிய இரண்டையும் எழுதி வையுங்கள்.