ஒரு கிலோ லேப்டாப்பும் நாலு சொட்டுத் தண்ணீரும்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸில் ஒரு கிலோ எடையில் புது லேப்டாப் கொடுத்தார்கள். காலையில் பறக்கிறது. மதியம் மாடி அறையில் வீடியோ மீட்டிங், கூடவே ஒரு பெரிய எக்செல் ஃபைல் என்று அரை மணி ஓட்டினால் தவழ ஆரம்பித்துவிடுகிறது. மெலிசு லேப்டாப் என்றாலே இப்படித்தானா?"

ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் காரணம் ரசிக்க வேண்டிய ஒன்று.

எடை குறைந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனையே எடுத்துக்கொள்வோம். 2012-இல் முதலில் வந்தபோது 1.36 கிலோ. 2022-இன் பத்தாம் தலைமுறை 1.12 கிலோவில் தொடங்கியது. மூடியில் கார்பன் இழை, உடம்பில் மெக்னீசியக் கலவை. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் 1.74 கிராம்தான். ராம் என்கிற நினைவகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் ஸ்லாட்டுக்கு இடம் வேண்டாம். தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறுகிறவருக்கு இது பெரிய வரம்.

இடிப்பது சூட்டில். அந்தப் பத்தாம் தலைமுறையில் வந்த இன்டெல் ஐ7-1260பி சிப்புக்கு அடிப்படை மின்சக்தி 28 வாட். முட்டிப் பாயும்போது 64 வாட் வரை இழுக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். இங்கே அவ்வளவும் ஒரு சின்னஞ்சிறு சிப்பிலிருந்து வெளியேற வேண்டும்.

வெளியேற்றுவது ஹீட் பைப் என்கிற செம்புக் குழாய். என் பழைய லேப்டாப் செத்தபோது அதைக் கழற்றி வைத்துக்கொண்டேன். ஒரு முனையை டீ டம்ளரில் விட்டால் மறுமுனை சில நொடிகளில் விரலைச் சுடுகிறது. கரண்டி இவ்வளவு அவசரப்படாது. அப்புறம் ஆசை தாங்காமல் ஆக்சா பிளேடால் அறுத்தேன். தண்ணீர் கொட்டும் என்று பார்த்தால், உள்சுவரில் ஒட்டிய செம்புத் தூளும் லேசான ஈரமும்தான். அறுத்த துண்டை மறுபடி டீயில் விட்டேன். பழைய வேகம் போயே போய்விட்டது.

அந்த ஈரம்தான் விஷயம். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, சில சொட்டுத் தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடுகிறது அல்லவா? இங்கே காற்றே இல்லாததால், சிப் பக்கம் கொஞ்சம் சூடேறினாலே தண்ணீர் ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே ஃபேன் ஊதும் தகடுகளில் குளிர்ந்து, வாங்கி வந்த வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. திரும்பி வர பம்ப் கிடையாது. அகல் விளக்கின் திரி எண்ணெயை ஏற்றுகிற மாதிரி செம்புத் தூள் தண்ணீரை இழுத்து வருகிறது.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். 28 வாட்டைச் சுமக்க ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கிராம் ஆவியானால் போதும். நாலு சொட்டு சுற்றிச் சுற்றி வந்தே அதைச் சமாளிக்கிறது. இட்லிப் பானை ஆவி கையில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடுவதும் இதே கணக்கால்தான்.

குளிர்பதனத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1942-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டிருந்தார். யாரும் சட்டை செய்யவில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக இதைக் கண்டுபிடித்தார். அவர் மனதில் இருந்தது விண்கலங்களுக்கான மின்சாரம். ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் சாமானியனுக்கு என்ன பயன்?" என்று மடக்குபவர்களிடம் நான் இந்தக் குழாயைத்தான் நீட்டுவேன்.

சரி, தவழ்வது ஏன்? மெலிசு உடம்புக்குள் நுழைய இந்தக் குழாயைத் தட்டையாக நசுக்க வேண்டியிருக்கிறது. ஆவி ஓடும் பாதை குறுகுகிறது. ஃபேனும் சப்பை. அதனால் 64 வாட் என்பது சில நொடிக் கூத்து. மெயில், பிரவுசர் போன்ற வேலைகள் அந்த நொடிகளுக்குள் முடிந்துவிடும், குறையே தெரியாது. நீளும் வேலையில்தான் சூடு தேங்குகிறது. 100 டிகிரியை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்குவதால், வேகம் கால் பங்கு போனால் சூடு அதைவிட நிறையவே குறைகிறது. ஆக, அது நோயல்ல, தற்காப்பு.

இதில் உங்கள் மாடி அறைக்கும் பங்கு உண்டு. தகடுகள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 38. மதியம் 38 டிகிரி அறையில் வெறும் 22. அதே ஃபேன், ஆனால் வெளியே போகும் வெப்பம் 40 சதவீதம் குறைவு.

எனவே மெத்தையில் வைக்காதீர்கள். காற்று இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதென்றால் லேப்டாப் மூடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆபீஸில் கேட்டால் ராமை முதலிலேயே தாராளமாகக் கேட்டு வாங்குங்கள், பிறகு கூட்ட வழியில்லை. நாள் முழுக்க வீடியோ எடிட்டிங்தான் வேலை என்றால், வாயை மூடிக்கொண்டு இரண்டு கிலோ லேப்டாப்பையே சுமங்கள்.