‘துடிப்பு இன்னும் தெரியவில்லை’: ஆரம்ப கால ஸ்கேன்களை எப்போது எதிர்பார்க்கலாம்?

கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களில் கலங்கிய கண்களோடு என் அறைக்கு வரும் பெண்களில் பலர் கையில் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஸ்கேன் அறிக்கைதான் இருக்கும். கர்ப்பப்பைக்குள் பை தெரிகிறது, கரு தெரியவில்லை. அல்லது கரு தெரிகிறது, இதயத் துடிப்பு பதிவாகவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கவும். இந்த மூன்றாவது வரியைப் பெரும்பாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். “துடிப்பு வரவில்லையாம்” என்ற செய்தி மட்டும் அதற்குள் இரு வீட்டாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ‘இன்னும் தெரியவில்லை’ என்று மருத்துவர் எழுதியது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ‘இல்லை’ என்று ஆகிவிடுகிறது.

அப்படி வருபவர்களிடம் நான் ஸ்கேன் படத்தை வாங்கிப் பார்ப்பதற்கு முன் மாதவிடாய்த் தேதியைத்தான் கேட்பேன். கர்ப்பத்தின் வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கரு உருவாவதோ அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து. ஆகவே ஆறு வாரக் கர்ப்பம் என்று சொல்லும்போது கருவின் வயது நான்கு வாரம்தான். இந்தக் கணக்குகூட 28 நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வருபவருக்கே பொருந்தும். 40 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் ஒருவருக்குக் கருமுட்டை 14ஆம் நாளில் வெளிவருவதில்லை. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்கள் முன்பு, அதாவது 26ஆம் நாளையொட்டித்தான் வெளிவரும். நாட்காட்டிப்படி அவருக்கு ஏழு வாரம் ஆகியிருந்தாலும், கருவின் வளர்ச்சி ஐந்து வாரம் இரண்டு நாட்களுக்கு உரியதாகவே இருக்கும். அந்த நாளில் ஸ்கேன் செய்துவிட்டுத் துடிப்பைத் தேடினால் எங்கே கிடைக்கும்? நான் பார்த்த பல கண்ணீர்களுக்குக் காரணம் இந்தப் பன்னிரண்டு நாள் வித்தியாசம்தான். ஒழுங்கற்ற மாதவிடாய் உள்ளவர்கள், பாலூட்டும் காலத்தில் மீண்டும் கருவுற்றவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய உடனே கருவுற்றவர்கள் ஆகியோரிடம் நாட்காட்டிக் கணக்கை நான் முழுவதும் நம்புவதில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் மட்டும் கருவின் வயது நாள் பிசகாமல் தெரியும்.

தேதி சரியாக இருக்கும்போது காட்சிகள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டிவிஎஸ் ஸ்கேனில், நாலரை முதல் ஐந்து வாரங்களுக்குள் அறிக்கைகளில் ‘சாக்’ என்று குறிப்பிடப்படும் சிறிய நீர்ப்பை தெரியத் தொடங்கும். ஐந்தரை வாரத்தையொட்டி அதற்குள் வளையம் போன்ற ‘யோக் சாக்’ தெரியும். ஆறாவது வாரத்தில் அந்த வளையத்தின் ஓரமாகச் சில மில்லிமீட்டர் நீளமுள்ள கருவும், அதன் நடுவே சிமிட்டுவது போன்ற ஓர் அசைவும் தென்படும். அந்தச் சிமிட்டல்தான் நாம் தேடும் துடிப்பு. வயிற்றின் மேல் கருவியை வைத்துச் செய்யும் ஸ்கேனில் இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தியே தெரியும். கர்ப்பப்பை பின்புறம் சாய்ந்திருந்தாலோ, வயிற்றுச் சுவர் தடிமனாக இருந்தாலோ இன்னும் சில நாட்கள் கூடலாம். இத்தனையையும் கணக்கில் கொண்டு, வலியோ இரத்தப்போக்கோ இல்லாத ஒருவர் துடிப்பைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஸ்கேன் செய்துகொள்ள விரும்பினால், ஏழு வாரம் முடிந்து எட்டாவது வாரத்தில் வருமாறு நான் சொல்வது வழக்கம். பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் தெரிந்த மறுநாளே ஸ்கேன் செய்துகொள்வதால் பெரும்பாலும் ஒரு கவலையைத்தான் வாங்கிக்கொண்டு போக முடியும்.

டிவிஎஸ் ஸ்கேன் என்றதும் கரு கலைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்தக் கருவி பிறப்புறுப்புக்குள் மட்டுமே இருக்கும்; கர்ப்பப்பையின் வாய்க்குள் நுழைவதே இல்லை. அதனால் கருச்சிதைவு ஏற்படுவதில்லை. இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும்; வயிற்றின் மேல் செய்யும் ஆரம்ப கால ஸ்கேனுக்கு மாறாக அது ஓரளவு நிறைந்திருக்க வேண்டும்.

கரு உருவான சுமார் 22ஆம் நாளில், அதாவது ஐந்தாவது வாரம் முடிந்த ஓரிரு நாட்களில், இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது ஒரு சிறிய குழாய் மட்டுமே. நான்கு அறைகளாகப் பிரிந்து வடிவம் பெறுவதற்கு ஏறத்தாழ பத்தாவது வாரம் ஆகிவிடும். ஆறாவது வாரத்தில் துடிப்பு நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை இருக்கும். பிறகு நாளுக்கு நாள் வேகமெடுத்து ஒன்பதாவது வாரத்தில் 170ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பதினான்காவது வாரத்திற்குள் 150 அளவுக்கு இறங்கும். ‘போன முறை 170, இந்த முறை 152, ஏன் குறைந்தது?’ என்று பதறுபவர்களுக்கு விடை இதுதான்: குறையத்தான் வேண்டும். ஆறு, ஏழாவது வாரங்களில் துடிப்பு 90க்கும் கீழே இருந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் மீண்டும் பார்ப்போம். துடிப்பின் எண்ணிக்கையை வைத்து ஆணா பெண்ணா என்று கணிப்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

ஆரம்ப வாரங்களில் துடிப்பின் ஓசையைக் கேட்க வைக்குமாறு கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் மறுப்பே சொல்கிறேன்; அது சிலருக்கு வருத்தம் தருகிறது. சாதாரண ஸ்கேனைவிட டாப்ளர் முறையில் ஒலி ஆற்றல் ஒரே இடத்தில் குவிகிறது. உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் கருவின் மேல் தேவையின்றி அதைச் செலுத்த வேண்டாம் என்பதே வல்லுநர் அமைப்புகளின் அறிவுரை. துடிப்பை அளப்பதற்கு ‘எம்-மோட்’ என்ற முறை இருக்கிறது. அது ஓசையின்றித் திரையில் ஓர் அலைக்கோட்டை வரையும். அதை அளந்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். மேலும், டாப்ளரில் கேட்கும் ‘டப டப’ என்ற ஓசை இதயத்திலிருந்து நேரடியாக வருவது அன்று. அசைவிலிருந்து திரும்பி வரும் அலைகளின் மாற்றத்தைக் கருவி நம் காதுக்கு ஏற்ற ஒலியாக மாற்றித் தருகிறது. ஆகவே ஓசை கேட்கவில்லை என்பதற்காக எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

துடிப்பு நின்றுவிட்டது என்று ஒரு மருத்துவர் எப்போது உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு இன்று கண்டிப்பான வரையறைகள் உள்ளன. 2012இல் அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் கதிரியல் மருத்துவர்களின் சங்கம் கூட்டிய வல்லுநர் குழு இவற்றை வகுத்தது. 2013இல் அவை வெளியாயின. டிவிஎஸ் ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம், அதாவது அறிக்கையில் ‘சி.ஆர்.எல்.’ என்று இருக்கும் அளவு, 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லையென்றால் அந்தக் கர்ப்பம் தொடராது என்று சொல்லலாம். நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் உள்ளே கரு இல்லையென்றாலும் முடிவு அதுவே. அளவுகள் இவற்றைவிடக் குறைவாக இருந்தால் காலம்தான் பதில் சொல்ல வேண்டும்: யோக் சாக் இல்லாத வெறும் பை தெரிந்த ஸ்கேனுக்குப் பின் 14 நாட்கள் ஆகியும், யோக் சாக்குடன் பை தெரிந்த ஸ்கேனுக்குப் பின் 11 நாட்கள் ஆகியும், துடிப்புள்ள கரு தென்படாவிட்டால் மட்டுமே முடிவுக்கு வரலாம். முன்பு இந்த எல்லைகள் தளர்வாக இருந்தன. 5 மில்லிமீட்டர் கருவில் துடிப்பு இல்லையென்றாலே போதும் என்று கருதப்பட்டது. ஒரே கருவை இருவர் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்பின் வரக்கூடும். அந்தச் சிறு பிழை உயிருள்ள ஒரு கருவைக் கலைக்கும் முடிவில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எல்லைகள் உயர்த்தப்பட்டன.

எனவே ‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்லும் மருத்துவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அந்த இடைவெளியும் சோதனையின் ஒரு பகுதிதான். வளரும் கரு ஏறத்தாழ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். மூன்றே நாட்களில் பொறுக்காமல் வேறோர் இடத்தில் ஸ்கேன் செய்தால் அதே குழப்பம் இன்னொரு தாளில் அச்சாகி வரும். அந்த நாட்கள் எவ்வளவு கடினமானவை என்பதை நான் அறிவேன். படுத்தே இருப்பதாலோ, வேலைக்குப் போவதாலோ முடிவு மாறுவதில்லை. இரண்டாவது ஸ்கேனிலும் வளர்ச்சி இல்லாமல் போவதும் உண்டு. தொடக்க வாரங்களில் நின்றுபோகும் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதிக்கு, கரு உருவானபோதே நேர்ந்த குரோமோசோம் கோளாறுதான் காரணம். மாடிப்படி ஏறியதும், பயணம் செய்ததும், எதையோ உண்டதும் அதற்குக் காரணமல்ல என்பதை அந்தப் பெண்ணிடம் மட்டுமின்றி உடன் வந்தவர்களிடமும் நான் தனியாக அழைத்துச் சொல்வதுண்டு.

காத்திருக்கக் கூடாத சூழல்களும் உள்ளன. ஒரு பக்கமாக அடிவயிற்றில் வலி, இரத்தப்போக்கு, தோள்பட்டை முனையில் வலி, தலைசுற்றல் அல்லது மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் வாரக் கணக்கைப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் சினைக்குழாயில், தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு அமைகின்றன. முன்பு ஒருமுறை இப்படி ஆனவர்கள், சினைக்குழாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருத்தடை வளையம் உள்ளே இருக்கும்போதே கருவுற்றவர்கள் ஆகியோர் ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் செய்துகொள்வது நல்லது. அப்போது நாங்கள் தேடுவது துடிப்பை அல்ல, கரு தங்கியிருக்கும் இடத்தை. ஸ்கேனில் எங்குமே எதுவும் தெரியாதபோது பீட்டா எச்.சி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்து, அளவு ஏறும் விதத்தைப் பார்க்கிறோம். அந்த அளவு 3,500ஐத் தாண்டியும் கர்ப்பப்பை காலியாகவே தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இவை எதுவும் இல்லாத, மாதவிடாய் ஒழுங்காக வரும் ஒருவருக்கு முதல் ஸ்கேனே பதினோராவது வாரத்துக்குப் பிறகு செய்யப்பட்டாலும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையும் 24 வாரங்களுக்கு முன் ஒரு ஸ்கேன் என்பதைத்தான் வலியுறுத்துகிறது. ஒரே ஒரு ஆரம்ப கால ஸ்கேன்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், நான் தேர்ந்தெடுப்பது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாட்களுக்குள் செய்யும் என்.டி. ஸ்கேனையே. கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டர் வரை இருக்கும் இந்தக் கட்டத்தில், கழுத்தின் பின்புறமுள்ள நீர்மத்தின் தடிமனை அளந்து, இரத்தப் பரிசோதனையோடு சேர்த்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்கான வாய்ப்பைக் கணிக்கலாம். மண்டை ஓடு, கை கால்கள், வயிற்றுச் சுவர் ஆகியவற்றையும் பார்க்கலாம். இரட்டைக் குழந்தைகள் என்றால் இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பது 14 வாரங்களுக்குள்தான் தெளிவாகத் தெரியும். பிந்திப் பார்த்தால் அந்தத் தெளிவு போய்விடும்.

பிரசவத் தேதியையும் இந்த வாரங்களில்தான் உறுதிசெய்ய வேண்டும். தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைச் சொல்லும் முறையை 1973இல் கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் வெளியிட்டார். முதல் மூன்று மாதங்களுக்கு இன்றளவும் அதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. ஒன்பது வாரத்துக்கு முன் செய்த ஸ்கேனுக்கும் மாதவிடாய்க் கணக்குக்கும் ஐந்து நாட்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அல்லது ஒன்பதிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் ஏழு நாட்களுக்கு மேல் இருந்தால், ஸ்கேன் காட்டும் தேதியை ஏற்றுக்கொள்கிறோம். அதன்பின் மாற்றுவதில்லை. ஏழாம் மாத அறிக்கையில் வேறொரு தேதி அச்சாகியிருந்தால், அது குழந்தையின் பருமனைக் கருவி வாரமாக மாற்றிச் சொன்னது மட்டுமே. முதல் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டு வருமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கையடக்க டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்பது பொதுவாகப் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து கைகூடும். பத்தாவது வாரத்திலேயே கேட்பதும் உண்டு, பதினான்காவது வாரம் வரை பிடி கொடுக்காததும் உண்டு. மரத்தாலான பினார்டு குழல் வழியாகக் கேட்க 18 முதல் 20 வாரம் ஆக வேண்டும். இப்போது பலர் இந்த டாப்ளர் கருவியை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. பழகாத கைகளுக்கு முதலில் சிக்குவது தாயின் சொந்த நாடித் துடிப்போ நஞ்சுக்கொடியின் இரைச்சலோதான். அதைக் குழந்தையின் துடிப்பு என்று நம்பி நிம்மதியாக உறங்கிவிடுபவர்களைப் பற்றித்தான், ஓசை கிடைக்காமல் நள்ளிரவில் ஓடி வருபவர்களைவிட, எனக்குக் கவலை அதிகம். பிந்தைய மாதங்களில் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் வீட்டுக் கருவியைக் கையில் எடுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.