பழைய திரையின் நீலப்பச்சைக்குள் இருக்கும் கணக்கு

விண்டோஸ் 95ஐப் புதிதாகப் பதிந்ததும் வெறும் திரையில் தெரிவது நீலப்பச்சை. 0 முதல் 255 வரை போகும் அளவில் அதன் எண்கள் சிவப்பு 0, பச்சை 128, நீலம் 128. விண்டோஸ் 98உம் அதையே வைத்துக்கொண்டது. அந்த மூன்று எண்களை விளங்கிக்கொண்டால், கடையில் பில் போட வைத்திருக்கும் பழைய கொம்பியூட்டரில் நிறம் குழம்பும்போது எங்கே கைவைப்பது என்பதும் விளங்கும்.

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த, திரைக்குப் படம் அனுப்பும் விஜிஏ முறையில் திரையின் அகலம் 640 புள்ளி, உயரம் 480 புள்ளி. பெருக்கினால் 307,200. புள்ளிக்கு ஒரு பைட் ஒதுக்கினால் அத்தனை பைட் நினைவகம் வேண்டும். ஆனால் அதற்கென இருந்தது 256 கிலோபைட், அதாவது 262,144 பைட். கொள்ளாது. அதனால் புள்ளிக்கு அரை பைட், அதாவது 4 பிட் என்று வைத்தார்கள். 153,600 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிட்டது. ஆனால் 4 பிட்டில் 16 நிறங்களுக்கு மேல் எண்ண முடியாது.

விண்டோஸ் வைத்துக்கொண்ட அந்த 16இல் கறுப்பு, வெள்ளை, 128இலும் 192இலும் இரண்டு சாம்பல் போக மிச்சம் 12. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து, முழுசாக 255இல் வைத்தால் ஆறு நிறம், பாதியாக 128இல் வைத்தால் ஆறு நிறம். நீலப்பச்சை அந்தப் பாதி நிறங்களில் ஒன்று. விண்டோஸ் 95இன் தலைப்புப் பட்டையின் கருநீலம் 0 0 128, பொத்தான்களின் சாம்பல் 192 192 192. இவையும் அதே பட்டியல்தான்.

பட்டியலில் இல்லாத நிறம் கேட்டால்? மருதமுனைத் தறியில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்த சாரனைத் தள்ளி நின்று பார்த்தால் மூன்றாவது நிறமொன்று தெரியும். விண்டோஸும் வெவ்வேறு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கி அதையே செய்யும். பரப்புக்கு இது பொருந்தும், எழுத்துக்குப் பொருந்தாது. ஒரு புள்ளி தடிப்பான கோட்டை இப்படி வரைந்தால் கோடு பிய்ந்துபோகும். ஆகவே எழுத்துக்குப் பட்டியலில் கிட்டிய நிறமொன்றையே எடுக்கும்.

விண்டோஸ் 2000இல் திரை 58 110 165 ஆயிற்று. இது அந்த 16க்கு வெளியே உள்ள நீலம்.

விண்டோஸ் 98இல் நிறங்களைக் கண்டபடி மாற்றிவிட்டால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். வெறும் திரையில் வலது கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ். ஸ்கீம் பட்டியலில் 'விண்டோஸ் ஸ்டாண்டர்ட்' என்பதைத் தெரிந்து ஓகே கொடுத்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாகவும் போகலாம்: கரண்ட் யூசர், கன்ட்ரோல் பெனல், கலர்ஸ். அங்கே பேக்கிரவுண்ட் என்பதில் 0 128 128 என்று எழுதுங்கள். எண்களுக்கிடையில் ஒவ்வொரு இடைவெளி மட்டும், காற்புள்ளி கூடாது. மறுபடி லொக்-ஒன் செய்யும்போது நிறம் வரும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் பில் எழுத்துகள் திடீரென்று மறைந்தால் தரவு அழிந்ததென்று பதற வேண்டாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றும் ஒன்றாக அமுங்கி, வந்த கேள்வியை வாசிக்காமல் என்டர் தட்டினால் ஹை கொன்ட்ராஸ்ட் இயங்கிவிடும். அதில் எழுத்து வெள்ளை, பின்னணி கறுப்பு. மென்பொருளை எழுதியவர் பின்னணியை வெள்ளை என்று நிலையாக எழுதிவிட்டு, எழுத்தின் நிறத்தை மட்டும் விண்டோஸிடம் கேட்டு வாங்கியிருந்தால் வெள்ளையில் வெள்ளை எழுதப்படும். அதே மூன்று விசைகளை மறுபடி அமுக்கினால் எழுத்து திரும்பும்.

கேபிள் கோளாறு இதைவிட ஏமாற்றும். விஜிஏ செருகியின் 15 ஊசிகளில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி போன்ற இடங்களில் உப்புக் காற்று ஊசிகளில் களிம்பு பிடிக்கவைக்கும். சிவப்பு அறுந்துபோனாலும் நீலப்பச்சைத் திரை அப்படியே நிற்கும், ஏனென்றால் அதில் சிவப்பே இல்லை. ஆகவே நோட்பேடைத் திறந்து வெள்ளையில் பாருங்கள். வெள்ளை இளநீலப்பச்சையானால் சிவப்பு போயிற்று, மஞ்சளானால் நீலம், ஊதா கலந்த சிவப்பானால் பச்சை.

பிறகு கேபிளைக் கொம்பியூட்டர் பக்கம் கழற்றுங்கள். சிக்னல் இல்லை என்று மொனிட்டர் தானே காட்டும் செய்தியில் வெள்ளை வெள்ளையாக வந்தால் மொனிட்டரின் திரையில் பிழையில்லை. கேபிளையோ கொம்பியூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையையோ பாருங்கள். கொம்பியூட்டரையும் மொனிட்டரையும் நிறுத்திவிட்டு, ஊசி வளைந்திருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்று கவனியுங்கள். 9ஆம் ஊசி பல கேபிள்களில் இயல்பாகவே இராது, அதைக் கோளாறென்று எண்ணி வீச வேண்டாம். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட மென்தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் செருகி, இரு பக்கத் திருகுகளையும் விரலால் மட்டும் இறுக்குங்கள்.